பஸ்ஸுக்குப் படியளப்பது யார்?

பட்ஜெட் காலம் வந்துவிட்டால் போதும், பழைய ஒப்பாரி ஒன்று புதிய ராகத்தில் கிளம்பிவிடும். "போக்குவரத்துக் கழகங்களில் நஷ்டம்! கோடி கோடியாக நஷ்டம்! இப்படியே போனால் கஜானா தாங்காது!" என்று பெரிய மனிதர்கள் தலையில் கை வைத்துக் கொள்கிறார்கள். காரில் வந்து காரில் திரும்புகிறவர்கள் அவர்கள். டவுன் பஸ் படிக்கட்டில் கால் வைத்து எத்தனை ஆண்டு ஆயிற்று என்று கேட்டால் பதில் வராது. பஸ்ஸின் நஷ்டத்தைப் பற்றி மட்டும் மணிக்கணக்கில் பேசுவார்கள்.

நாம் அவர்களை ஒன்று கேட்கிறோம். போலீஸ் ஸ்டேஷனில் என்ன லாபம்? தெருவிளக்கு மாதம் எவ்வளவு சம்பாதித்துக் கொடுக்கிறது? ஊரெல்லாம் மேம்பாலம் கட்டுகிறார்களே, அதில் ஏறிப் போகும் கார்க்காரரிடம் டிக்கெட் கிழித்தா கட்டிய காசை எடுத்தார்கள்? பள்ளிக்கூடம் நஷ்டம், ஆஸ்பத்திரி நஷ்டம், குடிதண்ணீர்க் குழாய் நஷ்டம் என்று சொல்ல எவருக்கும் நா எழவில்லை. பாட்டாளி ஏறிச் செல்லும் பஸ் என்றதும் லாபநஷ்டப் பேரேடு விரிகிறது! இதென்ன நியாயம்?

சென்னை மாநகரில் மட்டும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 30 லட்சம் பேர் சர்க்கார் பஸ்ஸில் ஏறி இறங்குகிறார்கள். கொத்தனார், சித்தாள், கடைச் சிப்பந்தி, வீட்டு வேலை செய்யும் தாய்மார், மில் தொழிலாளி, ஆஸ்பத்திரி ஆயா, பள்ளிப் பிள்ளை ஆகிய இவர்கள்தாம் அந்த 30 லட்சம். ஒரு நாள் காலை பஸ் ஓடாவிட்டால் எத்தனை கடை திறக்காது, எத்தனை கட்டிட வேலை நிற்கும், எத்தனை பெரிய வீடுகளில் அடுப்பு எரியாது என்று எண்ணிப் பாருங்கள். நகரம் முழுவதும் பஸ்ஸை நம்பிப் பிழைக்கிறது. அப்படியானால் பஸ்ஸின் செலவை டிக்கெட் வாங்கும் ஏழை மட்டும் ஏன் சுமக்க வேண்டும்? நாம் இன்று பேச வந்தது இந்த ஒரே விஷயந்தான்.

டிராம் சொன்ன பாடம்

பழைய கதை ஒன்றை நினைவூட்டுகிறோம். சென்னையில் 1895இல் டிராம் வண்டி ஓடத் தொடங்கியது. தனியார் கம்பெனி நடத்தியது. வசூலாகும் காசைக் கொண்டே ஓட வேண்டும், அதிலேயே பங்குதாரருக்கும் கொடுக்க வேண்டும் என்ற கணக்கு. கட்டவில்லை என்ற நாளில், 1953இல், கம்பெனி கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டது. டிராமை நம்பியிருந்த ஜனங்களும், அதில் உழைத்த தொழிலாளரும் தெருவில் நின்றார்கள். டிக்கெட் காசு ஒன்றையே நம்பும் வண்டி எங்கே போய் நிற்கும் என்பதற்கு அந்தத் தண்டவாளங்களே சாட்சி.

பஸ்ஸுக்கு அந்தக் கதி வரவில்லை. காரணம், சென்னை நகர பஸ்களை 1947-48லேயே சர்க்கார் எடுத்துக் கொண்டது. 1972 ஜனவரி 1ஆம் தேதி பல்லவன் போக்குவரத்துக் கழகம் பிறந்தது. அதுவே 1997இல் மாநகர்ப் போக்குவரத்துக் கழகம் என்று பெயர் மாறியது. தனியார் முதலாளி வசூல் உள்ள தடத்தில், வசூல் உள்ள நேரத்தில் வண்டி விடுவார். விடியற்காலை நாலரை மணிக்குக் கோயம்பேட்டில் மூட்டை தூக்கப் போகிறவனுக்காக வண்டி விடமாட்டார். இரவு இரண்டாம் ஷிப்டு முடிந்து வருகிறவனுக்காகவும் விடமாட்டார். சர்க்கார் பஸ் அங்கும் போக வேண்டும், அந்த நேரத்திலும் போக வேண்டும். அதற்காகத்தான் அது பொதுச் சொத்தாயிற்று.

கண்ணகி நகரைப் பாருங்கள். 2000ஆம் ஆண்டு தொட்டு, கூவக்கரையிலும் அடையாற்றங்கரையிலும் வாழ்ந்த குடிசை மக்களை அள்ளிக்கொண்டு போய் அங்கே விட்டார்கள். பிறகு செம்மஞ்சேரி, அதற்குப் பிறகு பெரும்பாக்கம். வேலை நகரத்துக்குள், வீடு நகரத்துக்கு வெளியே. தானாக விரும்பிப் போனவர்களா அவர்கள்? சர்க்கார் கொண்டுபோய் விட்டது! அவர்களைத் திரும்ப வேலைக்கு அழைத்து வரும் பஸ்ஸைப் பார்த்து "இந்தத் தடத்தில் வசூல் இல்லை" என்று கணக்கு எழுதுவது, காலை ஒடித்துவிட்டுக் கைத்தடிக்கு வாடகை கேட்பதற்கு ஒப்பாகும்.

ஒரு கை கொடுக்க, இரு கை பறிக்க

நஷ்டம், நஷ்டம் என்கிறார்களே, அந்த நஷ்டம் எப்படிப் பிறந்தது என்று யாராவது விளக்குகிறார்களா? நாம் விளக்குகிறோம்.

2013 ஜனவரியில் மத்திய சர்க்கார் ஓர் உத்தரவு போட்டது. டீசலை மொத்தமாக வாங்குவோருக்கு இனி மானிய விலை கிடையாது என்றது. பங்கில் வந்து டீசல் போடும் சொகுசுக் காருக்கு மானிய விலை! ஏழையை ஏற்றிச் செல்லும் சர்க்கார் பஸ்ஸுக்கு லிட்டருக்கு 10 ரூபாய்க்கு மேல் கூடுதல் விலை! டிப்போவில் சொந்த டீசல் டாங்கி இருக்க, சர்க்கார் பஸ்கள் தனியார் பங்குகளில் வரிசையில் நின்ற விந்தையை அன்று நாடு பார்த்தது.

2020 மே மாதம். கொரோனா ஊரடங்கில் பஸ்கள் டிப்போவில் முடங்கிக் கிடந்த நேரம். உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் விலை சரிந்து கிடந்தது. அந்த விலைச் சரிவு மக்களுக்கு வந்து சேரவில்லை. ஒரே நாளில் டீசல் மீது லிட்டருக்கு 13 ரூபாய் வரியை மத்திய சர்க்கார் ஏற்றியது. மாநிலங்களுக்குப் பங்கு தர வேண்டாத வகையில் அந்த உயர்வு அமைக்கப்பட்டது.

மாநில சர்க்கார் மட்டும் சளைத்ததா? அதே டீசல் மீது மாநில விற்பனை வரி. பஸ்ஸின் மீது மோட்டார் வாகன வரி. புது பஸ் வாங்கினாலும், டயர் மாற்றினாலும் 28 விழுக்காடு ஜி.எஸ்.டி. வரி என்பது 2025 செப்டம்பர் வரை இருந்த நிலைமை. அதன் பிறகே 18 ஆயிற்று. மானியம் என்று ஒரு கையால் கொடுப்பதை, வரி என்று இரு கையாலும் பறித்துக் கொள்கிறார்கள். பிறகு "கழகம் கடனில் மூழ்குகிறது" என்று கண்ணீர் வடிக்கிறார்கள். எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் இந்தக் கணக்கு மாறவில்லை என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சுமக்கும் இரண்டு முதுகுகள்

இப்படிப் பிறந்த பள்ளத்தை யாரைக் கொண்டு நிரப்பினார்கள்? ஒரு முதுகு பயணியுடையது. 2011 நவம்பரில் கட்டண உயர்வு. மறுபடி 2018 ஜனவரியில் ஓர் இடி. சென்னையில் 3 ரூபாயாக இருந்த குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய் என்று இரவோடு இரவாக அறிவித்தார்கள். மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். கொதிப்பைக் கண்டு, சில நாட்களில் கட்டணத்தை ஓரளவு குறைத்தார்கள். ஆனால் விளைவு என்ன? ஜனங்கள் பஸ்ஸை விட்டு இறங்கி ஷேர் ஆட்டோவுக்கும், புறநகர் ரயிலுக்கும், தவணைக்கு வாங்கிய மோட்டார் சைக்கிளுக்கும் போனார்கள். கட்டணத்தை உயர்த்தினால் வருமானம் பெருகும் என்று எண்ணினார்கள். பஸ்ஸில் கூட்டம் குறைந்ததுதான் மிச்சம்.

இன்னொரு முதுகு பஸ் தொழிலாளியுடையது. 2018 ஜனவரி 4ஆம் தேதி முதல் எட்டு நாட்கள் தமிழகத்தில் பஸ் ஓடவில்லை. தொழிலாளிகள் எதற்காக வண்டியை நிறுத்தினார்கள்? கூலி உயர்வுக்காக மட்டுமா? தங்கள் சம்பளத்தில் பிடித்த பணத்தையும், ஓய்வு பெற்றவர்களுக்குச் சேர வேண்டிய பணத்தையும் கழகங்கள் அன்றாடச் செலவுக்கு எடுத்துவிட்டன என்பது சங்கங்கள் வைத்த தலையாய குற்றச்சாட்டு. 2024 ஜனவரியில் மீண்டும் வேலைநிறுத்தம். அப்போதும் ஓய்வூதியர்களின் பஞ்சப்படி பாக்கி ஒரு முக்கியக் கோரிக்கை. முப்பது ஆண்டுகள் ஸ்டியரிங் பிடித்துக் கை காய்த்தவன், ஓய்வு பெற்ற பிறகு தன் சொந்தப் பணத்துக்காகக் கோர்ட்டுப் படியேற வேண்டியிருக்கிறது! நகரத்தின் பஸ் அந்தக் கிழவனின் கிராஜுவிட்டியில் ஓடிக்கொண்டிருந்தது என்றால் அதைவிடக் கேவலம் வேறு உண்டா?

"ஓசி" என்போருக்கு

2021 மே 8ஆம் தேதி முதல் தமிழகத்தில் சாதாரணக் கட்டண நகரப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. டெல்லி 2019இலேயே தொடங்கியிருந்தது. கர்நாடகமும் தெலங்கானாவும் 2023இல் பின்தொடர்ந்தன. இதனால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு கூறிற்று.

நம் தோழர்களில் சிலர்கூட டீக்கடையில் உட்கார்ந்து, "எல்லாம் ஓசிப் பயணம்" என்று நையாண்டி செய்வதைக் கேட்கிறோம். தோழா! அந்த 888 ரூபாய் எந்த வீட்டுக்குப் போயிற்று? உன் வீட்டுக்குத்தானே! உன் மனைவி மூன்று வீடு தள்ளிக் கிடைத்த குறைந்த கூலி வேலையை விட்டு, மூன்று மைல் தள்ளி நல்ல கூலிக்குப் போக முடிந்ததே, அது எதனால்? கார்க்காரர் மேம்பாலத்தில் காசு கொடுக்காமல் போகிறார். அவரை ஒருவரும் "ஓசி" என்று சொல்லவில்லை. கூலிக்காரப் பெண் பஸ்ஸில் போனால் மட்டும் வாய் நீளுகிறது. இந்த ஏச்சு மேலே இருந்து வந்த சரக்கு. அதைத் தொழிலாளி தன் வாயில் போட்டு மெல்லக் கூடாது.

ஆனால் ஒன்றை வற்புறுத்துகிறோம். இலவசம் என்று அறிவித்தால் மட்டும் போதாது. அந்தப் பணத்தை சர்க்கார் கழகத்துக்குக் காலத்தில், முழுதாகக் கொடுக்க வேண்டும். ஏறுகிறவர்கள் பெருகினால் பஸ்களும் பெருக வேண்டும். சென்னைப் பெருநகரில் ஒரு கோடிக்கு மேல் ஜனங்கள். பஸ்களோ மூவாயிரத்துச் சொச்சம். லண்டன் மாநகரில் ஜனங்கள் சுமார் 90 லட்சம். அங்கே ஓடும் பஸ்கள் எட்டாயிரத்துக்கு மேல். சுரங்க ரயில் வலை பின்னிய ஊரிலேயே அத்தனை பஸ் வேண்டியிருக்கிறது!

பலன் பெறுவோர் பங்கு தரட்டும்

"பணத்துக்கு எங்கே போவது?" என்று கேட்பார்கள். போக வேண்டிய இடத்தைக் காட்டுகிறோம்.

முதலில் முதலாளி. தொழிலாளி நேரத்தில் வந்து சேருவதால் லாபம் அடைகிறவர் அவர். பிரான்ஸ் நாட்டில், பாரிஸ் வட்டாரத்தில், 1971இல் ஒரு சட்டம் வந்தது. பத்துப் பேருக்கு மேல் வைத்து வேலை வாங்கும் முதலாளி, கொடுக்கும் சம்பளத் தொகையின் மீது ஒரு விகிதம் போக்குவரத்துக்கென்று வரி கட்ட வேண்டும். பிறகு மற்ற நகரங்களுக்கும் அது பரவிற்று. அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. பாரிஸ் முதலாளிகள் பாரிஸை விட்டு ஓடிவிடவில்லை. பழைய மகாபலிபுரம் சாலையில் கண்ணாடிக் கோபுரம் கட்டியிருக்கும் கம்பெனிகளின் தரையைத் துடைக்கும் ஒப்பந்தத் தொழிலாளி டவுன் பஸ்ஸில்தானே வருகிறாள்? அந்தப் பஸ்ஸுக்கு அந்தக் கம்பெனி ஏன் பங்கு தரக் கூடாது?

இரண்டாவது, கார். ஒரு பஸ் அறுபது பேரைச் சுமந்து செல்லும் இடத்தில் இரண்டு மூன்று கார்கள் நான்கைந்து பேரைச் சுமந்து நிற்கின்றன. லண்டனில் 2003 பிப்ரவரியில் நகர மையத்துக்குள் நுழையும் கார்களுக்கு நாளுக்கு 5 பவுன் கட்டணம் வைத்தார்கள். நிகர வருமானத்தைப் போக்குவரத்துக்கே செலவிட வேண்டும் என்று சட்டம் கட்டுப்படுத்தியது. பஸ்களைப் பெருக்கினார்கள். நம் ஊரில் கார் தெருவில் இலவசமாகப் படுத்துக் கிடக்கிறது. ஏழையின் பஸ் நகர இடமில்லாமல் தவிக்கிறது. சாலையோரத்தில் கார் நிறுத்தக் கட்டணம் வாங்குங்கள். அதைப் பஸ்ஸுக்குக் கொடுங்கள். கூலிக்காரனின் மொபெட்டைத் தொட வேண்டாம். பெரிய காரிலிருந்து தொடங்குங்கள்.

மூன்றாவது, நிலம். பஸ் போகாத இடத்தில் மனை விலை என்ன, பஸ் போன பிறகு என்ன என்பதை ரியல் எஸ்டேட் தரகனைக் கேளுங்கள். "பஸ் நிறுத்தம் அருகில்" என்று விளம்பரம் போட்டு விற்கிறார்களே, அந்த நிறுத்தத்தை யார் கொடுத்தது? பொதுப்பணத்தால் ஏறிய விலையில் ஒரு பங்கு பொதுப்பணத்துக்குத் திரும்பட்டும்.

டிக்கெட்டே கூடாது என்று நாம் சொல்லவில்லை. டிக்கெட் ஒரு பங்கு தரட்டும். முதலாளியும், காரும், நிலமும் தம் பங்கைத் தரட்டும். மீதியை சர்க்கார் சட்டப்படி, ஆண்டுதோறும், பிச்சை போடுவதுபோல் அல்லாமல் கடமையாகத் தரட்டும்.

பாதை கொடுத்தால் பஸ் பெருகும்

காசில்லாமலே பஸ்ஸைப் பெருக்க ஒரு வழி உண்டு. கணக்குப் போட்டுக் காட்டுகிறோம். போக வர 30 கிலோமீட்டர் உள்ள ஒரு தடம். பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ் விட வேண்டும். பஸ் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்தால் ஒரு சுற்றுக்கு இரண்டு மணி நேரம். 12 பஸ் வேண்டும். அதே பஸ் 20 கிலோமீட்டர் வேகத்தில் போனால் ஒன்றரை மணி; 9 பஸ் போதும். மூன்று பஸ், மூன்று டிரைவர், மூன்று கண்டக்டர், அத்தனை டீசல் என்று ஒரே தடத்தில் இவ்வளவும் கார் நெரிசலுக்குப் பலி. அந்த மூன்று பஸ்ஸையும் கண்ணகி நகருக்கு விடலாமே!

சாலையில் பஸ்ஸுக்கென்று தனிப் பாதை ஒதுக்குவதே இதற்கு மருந்து. ஆனால் எச்சரிக்கை வேண்டும். டெல்லியில் 2008இல் அப்படி ஒரு பாதை போட்டார்கள். அமைப்பிலும் குறைகள் இருந்தன, ஆனால் குறையைத் திருத்துங்கள் என்ற குரலைவிட, "எங்கள் கார் நிற்கிறதே!" என்ற கார்க்காரரின் கூச்சலே ஓங்கி ஒலித்தது. 2016இல் அதை இடித்தே விட்டார்கள். பஸ்ஸில் போகிற பல்லாயிரம் பேர் வாய் திறக்கவில்லை. காரில் போகிறவர்கள் வாய் திறந்தார்கள். கேட்டவன் பக்கம் சாலை போயிற்று.

மெட்ரோவும் மின்சார பஸ்ஸும்

சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத்துக்கு, 118.9 கிலோமீட்டருக்கு, 63,246 கோடி ரூபாய் என்று 2024 அக்டோபரில் மத்திய மந்திரிசபை ஒப்புதல் தந்தது. நாம் மெட்ரோவை எதிர்க்கவில்லை, வரட்டும். ஆனால் அதற்குக் கோடிகள் ஒதுக்கும்போது "என்று லாபம் வரும்?" என்று கேட்காத வாய், பஸ்ஸுக்கு நூறு கோடி என்றால் மட்டும் ஏன் கேட்கிறது? மெட்ரோ நிலையத்துக்குப் போகவும் பஸ்தானே வேண்டும்?

2025 ஜூன் 30ஆம் தேதி வியாசர்பாடி டிப்போவில் 120 தாழ்தள மின்சார பஸ்கள் தொடங்கி வைக்கப்பட்டன. கிழவர்களும், கர்ப்பிணிகளும், சக்கர நாற்காலியில் வருவோரும் ஏற வசதியான வண்டி. புகை இல்லை. மனமார வரவேற்கிறோம். ஆனால் ஏற்பாட்டைக் கவனியுங்கள்: வண்டி கம்பெனியுடையது, டிரைவர் கம்பெனியின் ஆள், கண்டக்டர் கழகத்தின் ஆள். ஓடும் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கழகம் கம்பெனிக்குக் கொடுக்கிறது. நஷ்டம் பொதுவுக்கு, நிச்சயமான வருமானம் கம்பெனிக்கு!

இந்த வழியில் முன்னே போன பம்பாயைப் பாருங்கள். 2023 ஆகஸ்டில் அங்கே ஒப்பந்த பஸ் தொழிலாளிகள் கூலிக்காக வேலையை நிறுத்த, நாட்கணக்கில் பஸ்கள் நின்றன. பிரிட்டனில் 1986இல் லண்டனுக்கு வெளியே பஸ்களைத் தனியாரின் போட்டிக்குத் திறந்துவிட்டார்கள். தடங்கள் சுருங்கின, பயணிகள் குறைந்தார்கள். முப்பத்தேழு ஆண்டுகள் பட்ட பிறகு, 2023இல் தொடங்கி 2025 ஜனவரிக்குள், மான்செஸ்டர் தன் பஸ்களைப் பொதுக் கட்டுப்பாட்டுக்குத் திரும்பக் கொண்டு வந்தது. அவர்கள் சுட்டுக்கொண்ட அடுப்பில் நாம் ஏன் கை வைக்க வேண்டும்?

டிப்போத் தோழர்களுக்கு ஒரு சொல்

உரிமைக்காகப் பேசும் நாம் கடமையையும் பேசியாக வேண்டும். கட்டணமில்லாமல் ஏறும் பெண்கள் நிற்பதைப் பார்த்து நிறுத்தம் தாண்டிப் போய் நிறுத்துவதாகப் புகார்கள் வருகின்றன. எல்லோரும் அப்படிச் செய்கிறார்கள் என்று நாம் சொல்ல மாட்டோம். பழைய வண்டி, ஆள் பற்றாக்குறை, இரட்டை டியூட்டி, கலெக்‌ஷன் கேட்டு மேலதிகாரியின் நெருக்கடி எல்லாம் நமக்குத் தெரியும். ஆனாலும் நிறுத்தத்தில் கைக்குழந்தையோடு நிற்கிறவள் உங்கள் எதிரி அல்லவே! நாளை உங்கள் வேலைநிறுத்தத்துக்குத் துணை நிற்க வேண்டியவள் அவள். பயணியையும் தொழிலாளியையும் மோதவிட்டு வேடிக்கை பார்ப்பதே தனியார்மயத்துக்கு வழி தேடுகிறவர்களின் தந்திரம். அதற்கு இரையாகாதீர்கள்.

நாம் கேட்பது

நம் கோரிக்கைகள் நீளமானவை அல்ல. பொது பஸ்ஸுக்கான டீசல் மீதும் உதிரிச் சாமான்கள் மீதும் வரியைக் குறையுங்கள். வரவுக்கும் செலவுக்கும் உள்ள இடைவெளியை சர்க்கார் சட்டப்படி ஈடுகட்டட்டும். தொழிலாளியின் பணத்தில் கை வைப்பதைக் குற்றமாக்குங்கள். முதலாளி, கார், நிலம் மூன்றிடமும் பங்கு வாங்குங்கள். பஸ்களை இரட்டிப்பாக்குங்கள், அவை கழகத்தின் பஸ்களாக, கழகத் தொழிலாளிகள் ஓட்டுபவையாக இருக்கட்டும். முக்கியச் சாலைகளில் பஸ்ஸுக்குத் தனிப் பாதை விடுங்கள். நிறுத்தம்தோறும் நிழலும், நேர அட்டவணையும், இரவு விளக்கும் வையுங்கள்.

தோழர்களே! இதைப் படித்துவிட்டுப் பத்திரிகையை மடித்து வைத்துவிடாதீர்கள். உங்கள் வட்டத்தில் எந்தத் தடத்தில் எத்தனை நேரம் ஜனங்கள் காத்திருக்கிறார்கள், எந்த வண்டி ரத்தாகிறது, எந்த நிறுத்தத்தில் கூரை இல்லை என்று ஒரு வாரம் நின்று குறித்து எழுதுங்கள். டிப்போ சங்கத் தோழர்களை அழைத்து வைத்துப் பேசுங்கள். பயணிகளின் கையெழுத்தை வாங்குங்கள். கவுன்சிலரையும் சட்டசபை உறுப்பினரையும் அந்தத் தாளோடு போய்ப் பாருங்கள். ஒரு நாள் காலை எட்டு மணிக்கு உங்களோடு அந்தப் பஸ்ஸில் ஏறச் சொல்லுங்கள்.

நஷ்டக் கணக்கை இனி அவர்கள் மட்டும் எழுத வேண்டாம். பஸ் வராததால் வெட்டுப்பட்ட அரை நாள் கூலி, நின்றுபோன படிப்பு, தவணை வண்டிக்குக் கட்டும் வட்டி, படிக்கட்டில் தொங்கிப் போன உயிர் ஆகிய இவையெல்லாம் யார் கணக்கில் எழுதப்பட்டன? அந்தப் பேரேட்டை நாம் திறப்போம். திறந்து வைத்துக்கொண்டு கேட்போம்: பஸ்ஸால் பிழைக்கும் நகரமே, பஸ்ஸுக்கு நீ தரும் பங்கு எங்கே?